1500 கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை ஏன் கணக்குப்படி குறையவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வயது 38, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 74 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் கணக்கு வேலை. செல்போன் செயலி ஒன்றில் எல்லாவற்றையும் பதிந்து தினமும் 1500 கலோரி சாப்பிடுகிறீர்கள். காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறீர்கள். அதில் 380 கலோரி எரிந்ததாகக் கையில் கட்டியிருக்கும் வாட்ச் காட்டுகிறது. செயலி சொல்லும் பற்றாக்குறை, அதாவது சாப்பிட்டதைவிடக் கூடுதலாகச் செலவானது, தினமும் ஏறக்குறைய 1000 கலோரி. அப்படியானால் இரண்டு மாதத்தில் ஏழெட்டு கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதோ 1.8 கிலோ, அதிலும் கடைசி மூன்று வாரமாக முள் அசையவில்லை. "கலோரிக் கணக்கே பொய்யா, இல்லை என் உடம்பில் கோளாறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மேலே ஒரு வரி இருக்கிறது: வீட்டில் "ஒளிச்சு வச்சுச் சாப்பிடுறியா" என்று கேட்கிறார்கள் என்று. உண்மையில் உங்களை இங்கே எழுத வைத்தது அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

பதினாறு வருடமாக ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசனை தருகிறேன். இதே கேள்வியோடு, இதே வருத்தத்தோடு வந்தவர்கள் ஏராளம். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலோரிக் கணக்கின் அடிப்படை விதி பொய் அல்ல. உங்கள் உடம்பிலும் பெரிய கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் பொய் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை. அந்த விதியில் போட்ட எண்கள்தான் தவறு. செயலி, வாட்ச், உணவுப் பட்டியல் மூன்றும் கொடுப்பது அனுமானங்கள். அவற்றைத் துல்லியமான அளவுபோல அச்சடித்துக் காட்டுவதால் நாம் நம்பிவிடுகிறோம்.

எது உறுதி என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம்தான் நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது. சரியான பெயர் கிலோகலோரி. பாக்கெட்டின் பின்னால் அப்படித்தான் போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்பவர் ஆள் உள்ளேயே தங்கக்கூடிய ஓர் அறையைக் கட்டினார். அதற்குள் நாள்கணக்கில் ஆட்களை இருக்கவைத்து, உள்ளே போன உணவு, வெளியே வந்த வெப்பம், மூச்சு, கழிவு எல்லாவற்றையும் அளந்தார். வரவும் செலவும் மிகச் சிறிய வித்தியாசத்தில் பொருந்தின. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றும் நாம் போடும் எண்கள் அவர் காலத்தவை. இந்த வரவு செலவு விதியிலிருந்து தப்பிய மனித உடம்பு இதுவரை இல்லை. அளந்த உணவை மட்டும் கொடுத்து ஆய்வு விடுதிக்குள் வைத்துப் பார்த்தால், உணவு குறைந்த எவருக்கும் எடை குறையத்தான் செய்கிறது.

இனி உங்கள் கணக்கைத் திறந்து பார்ப்போம், முதலில் செலவுப் பக்கம். சும்மா படுத்திருந்தாலே இதயம், மூளை, ஈரல் எல்லாம் வேலை செய்ய ஒரு தொகை போகும். பெரும்பாலான செயலிகள் அதை 1990இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தால் கணிக்கின்றன. பெண்களுக்கு அது இப்படி வரும்: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, இன்னும் 161ஐக் கழிக்க வேண்டும். உங்களுக்கு 1376 வருகிறது. இந்தச் சூத்திரம் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான ஆட்களை அளந்து எழுதப்பட்டது. அங்கேயே ஒரு தனி ஆளுக்குப் பத்து சதவீதம் முன்பின் இருக்கும். நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். காரணம், அதே எடையில் நம் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். தசையைவிடக் கொழுப்பு குறைவாகத்தான் செலவழிக்கும்.

இதை விளக்க என் மேசையில் ஒரு படத்தை வைத்திருக்கிறேன். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். எடை மெஷின் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. உயரமும் எடையும் வயதும் மட்டும் கேட்கிற சூத்திரத்துக்கும் இது தெரியாது. ஆகவே உங்கள் 1376ஐ நான் 1300 என்றே வைத்துக்கொள்வேன்.

அடுத்தது இந்த எண்ணை எதனால் பெருக்குவது என்பது. செயலி கேட்கும்போது "மிதமான உழைப்பு" என்று தேர்ந்தெடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் தொடுவார்கள். சமையல், துணி, பிள்ளைகள், அலுவலகம், மேலே ஒரு மணி நேர நடை என்று ஓடுகிறவர் தன்னை "உழைப்பு இல்லாதவர்" என்று எப்படிக் குறிப்பார்? ஆனால் செயலியின் மிதம் என்றால் 1.55, அதில் உங்கள் நாளின் மொத்தச் செலவு 2130 கலோரிக்கு மேல் ஆகிவிடுகிறது. எட்டு மணி நேரம் நாற்காலியில் இருப்பவருக்கு, நடையைச் சேர்க்காமல், 1.35 என்பதே நியாயமான எண். களைப்பையும் கலோரியையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில் நீங்கள் எவ்வளவு களைத்தாலும் உடம்பு செலவழிப்பது என்னவோ உட்கார்ந்திருப்பவரின் அளவுதான்.

அதற்கு மேல் வாட்ச் சொன்ன 380ஐயும் செயலி கூட்டியிருக்கிறது. இங்கேதான் பெரிய ஓட்டை. "மிதமான உழைப்பு" என்று சொன்னபோதே உங்கள் நடையும் அதில் சேர்ந்துவிட்டது. அதை மறுபடி தனியாகக் கூட்டுவது ஒரே ரசீதை இரண்டு முறை வரவு வைப்பதுபோல. இது உங்கள் தொழிலிலேயே தினமும் பார்க்கும் விஷயம். இன்னொன்று, அந்த ஒரு மணி நேரம் நடக்காமல் சும்மா இருந்தாலும் உடம்பு எழுபது கலோரி வரை செலவழித்திருக்கும். அதையும் வாட்ச் நடையின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. அப்புறம் வாட்சின் துல்லியம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டிப் பார்த்தது. இதயத் துடிப்பை அவற்றில் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் மட்டும் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. ஆனாலும் மணிக்கட்டுத் துடிப்பிலிருந்து கலோரியை ஊகிக்கும் அடிப்படை அதேதான், அதனால் அந்த எண்ணை வைத்து நான் யாருக்கும் உணவு தீர்மானிப்பதில்லை.

நடைக்கு எளிய கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. சமதரையில் நடந்தால், ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை கலோரி கூடுதலாகச் செலவாகும். நீங்கள் நடப்பது நான்கரை கிலோமீட்டர் என்றால் 165 அல்லது 170 கலோரி. 380 அல்ல. ஆக உங்கள் ஒரு நாளின் மொத்தச் செலவு நடையோடு சேர்த்தே 1850 முதல் 1950 வரை இருக்கும். 1900 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பதிந்த 1500ஐக் கழித்தால் பற்றாக்குறை 400. செயலி காட்டிய ஆயிரத்தில் அறுநூறு இப்போதே காணாமல் போய்விட்டது, இன்னும் நாம் உங்கள் தட்டைத் தொடவே இல்லை.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. 60 நாளில் 1.8 கிலோ குறைந்தது என்றால், பின்னோக்கிக் கணக்குப் போட்டால், உண்மையான பற்றாக்குறை நாளுக்குச் சுமார் 230. நாம் கண்டுபிடித்த 400க்கும் இதற்கும் இடையில் 170 கலோரி. வரவுப் பக்கத்தில் பதிவாகாமல் உள்ளே போயிருக்கக்கூடிய அளவு இவ்வளவுதான்.

இதில் மனம் நோக வேண்டியதே இல்லை. 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. 1200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டு, இரட்டைக் குறி நீர் என்ற முறையில் அளந்தார்கள். இயல்பைவிடக் கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ள தண்ணீரைக் குடிக்கவைத்து, சில நாள்கள் சிறுநீரைச் சோதித்தால், அந்த ஆள் வீட்டில் சாதாரணமாக வாழ்ந்தபடியே எவ்வளவு சக்தி செலவழித்தார் என்று தெரிந்துவிடும். இன்று நம்மிடம் இருப்பதில் ஆக நம்பகமான முறை இது. அவர்களின் உடல் செலவு இயல்பாகவே இருந்தது. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று அல்ல, அவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். உணவியல் நிபுணர்களையே வைத்து வேறொரு சிறிய ஆய்வு நடந்தது. தொழிலே இதுவாக உள்ளவர்களும் சராசரியாக 200 கலோரிக்கு மேல் குறைத்தே எழுதியிருந்தார்கள். உங்கள் விடுதல் 170 என்றால், நீங்கள் எழுதியது அவர்களுடையதைவிடத் துல்லியம். வீட்டில் கேட்டவர்களிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

சரி, அந்த 170 எங்கே போகிறது? நம் சமையலறையில் நான் முதலில் பார்ப்பது எண்ணெய். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 40 கலோரிக்கு மேல். அது தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா, ஆலிவ் எண்ணெயா என்பதெல்லாம் கலோரிக்குப் பொருட்டே இல்லை. செயலியில் "தோசை 1" என்று தொட்டால் அது யாரோ ஒருவர் வீட்டுத் தோசை. உங்கள் கல்லில் சுற்றி ஊற்றி, திருப்பிப் போட்டு இன்னொரு தடவை ஊற்றினால், மூன்று தோசைக்கு மூன்று ஸ்பூன் எண்ணெய் கூடுதல், அதுவே 120 கலோரி. தாளிப்பு, பொரியல், குழம்பின் மேல் மிதப்பது எல்லாம் இதே கதைதான். ஸ்பூன் ஸ்பூனாக அளப்பது எந்தக் குடும்பத்திலும் நடக்கிற காரியம் அல்ல, அதனால் நான் மாதக் கணக்கு கேட்பேன். நான்கு பேர் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்கிறதா? ஒரு லிட்டரில் சுமார் 8200 கலோரி. நான்கு லிட்டரை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் தலைக்குத் தினமும் 270. உங்கள் செயலிப் பதிவில் எண்ணெய் என்று நாளுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் பதிவில் நூறு இருக்காது.

அடுத்தது சோறு. வேகாத அரிசி நூறு கிராமில் 350 கலோரி. அதுவே வெந்தால் தண்ணீரைக் குடித்து இரண்டரை மூன்று மடங்காகும். ஆகவே சோறு நூறு கிராமில் 130தான். செயலியில் எதை அளந்து எதைத் தொட்டீர்கள் என்பதில் ஒருமுறை தவறினால் கணக்கு மூன்று மடங்கு மாறும். "ஒரு கப்" என்பதும் ஒரு வில்லங்கம். அளவுக் கப் வேறு, நம் வீட்டுக் கிண்ணம் வேறு, அதில் அமுக்கி வைக்கும் கை வேறு. ஒரு சமையலறைத் தராசு வாங்கி இரண்டு வாரம் மட்டும் தட்டோடு எடை போடுங்கள். அதற்குப் பிறகு கண்ணே பழகிவிடும்.

காபி, டீயைப் பலரும் உணவாகவே நினைப்பதில்லை. தினமும் நான்கு டம்ளர் காபி குடித்த ஒருவர் ஆறு மாதமாகக் காரணம் தெரியாமல் தவித்தார். பதிவில் காபி என்ற சொல்லே இல்லை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், 150 கலோரிக்கு மேல். பாலிலும் வித்தியாசம் இருக்கிறது. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. தினமும் 400 மில்லி பால் செலவாகிறவருக்கு ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறினாலே நூறு கலோரிக்கு மேல் குறையும். தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான். 25 கிராம் துருவலில் 90 கலோரி இருக்கும். சட்னியை விடச் சொல்லவில்லை, எழுதச் சொல்கிறேன். அப்புறம் உப்புப் பார்க்கும் கரண்டி, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த பாதி இட்லி, பக்கத்து மேசையில் பிறந்தநாள் என்று நீட்டும் ஒரு துண்டு கேக். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுவதும் பொதுவானது. ஆறு நாள் 1500 சாப்பிட்டு ஏழாம் நாள் விருந்தில் 700 கூடினால், வாரம் முழுக்கத் தினமும் நூறு கூடியதற்குச் சமம்.

பட்டியலில் உள்ள எண்களும் கல்லில் பொறித்தவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்காவில் பாக்கெட்டில் போட்டதைவிட 20 சதவீதம் வரை கலோரி கூடினாலும் விதிமீறல் ஆகாது. முழுப் பாதாமில் அட்வாட்டர் கணக்கு காட்டுவதைவிட உடம்புக்குக் கிடைப்பது குறைவு என்று 2012இல் அளந்திருக்கிறார்கள். அதன் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. பழைய சோற்றில் கலோரி குறைவா என்று நீங்கள் கேட்ட விஷயமும் இந்த வகைதான். 2015இல் இலங்கை ஆய்வாளர்கள், தேங்காய் எண்ணெய் சேர்த்து வேகவைத்துக் குளிரவைத்த சோற்றைப் பற்றி அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் பேசினார்கள். "சோற்றின் கலோரி பாதியாகும்" என்று அது பரவிவிட்டது. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடும் என்பது உண்மை. கலோரி பாதியாகும் என்பது அவர்களின் கணிப்பு, ஆட்களுக்குச் சாப்பிடக் கொடுத்து அளந்த முடிவு அல்ல. பழைய சோறு சாப்பிடுங்கள், நல்ல உணவு. ஆனால் கணக்கில் சோறு என்றே முழுதாக எழுதுங்கள்.

இப்போது உறுதி குறைவான பகுதிக்கு வருகிறேன். உணவைக் குறைத்ததும் உடம்பு சும்மா இருப்பதில்லை. எடை குறையக் குறைய அதைச் சுமக்கும் செலவும் குறையும்; இது எளிய பௌதிகம். அதற்கு மேலும் கொஞ்சம் செலவை உடம்பு இழுத்துப் பிடிக்கிறது. நமக்கே தெரியாமல் எழுந்து நடப்பது குறையும், கை கால் ஆட்டுவது குறையும், உட்கார்ந்த இடத்திலேயே இருப்போம். இந்தச் சின்ன அசைவுகள் எவ்வளவு பெரியவை என்பதை 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் ஜேம்ஸ் லெவின் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு 400 கிராமுக்கும் குறைவாகவும் இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேலும் கொழுப்பு ஏறியது. வித்தியாசத்தின் பெரும்பங்கு இந்த அசைவுகளிலேயே இருந்தது. "அவ என்ன தின்னாலும் ஏறல, எனக்குத் தண்ணி குடிச்சாலே ஏறுது" என்று சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. தண்ணீரில் கலோரி இல்லைதான், ஆனால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் நிஜம். யாருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் என் மேசையில் இல்லை.

இதை வைத்து "குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு பட்டினி நிலைக்குப் போய்க் கொழுப்பைச் சேர்க்கும்" என்று சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் ஓய்விலிருக்கும்போது ஆகும் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அப்படியும் உடல் எடையில் கால்பங்கு போயிற்று. வேகம் குறையும், திசை மாறாது. அதே ஆய்வில் அவர்கள் சிடுசிடுப்பும் சோர்வும் உணவைத் தவிர வேறு நினைப்பின்மையுமாக மாறினார்கள். கடும் டயட்டை நான் ஏன் எதிர்க்கிறேன் என்பதற்கு அதுவே போதும்.

கடைசி மூன்று வாரம் முள் அசையாதது பற்றி. மெஷின் காட்டுவது கொழுப்பு மட்டும் அல்ல. தண்ணீர், குடலில் உள்ள உணவு, உடம்பு சேமித்துவைத்த மாவுச்சத்து எல்லாம் சேர்ந்த எடை அது. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் ஒன்றிரண்டு கிலோ நீர் ஏறுவது சாதாரணம். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஒரு நாள் உப்பு கூடினாலும் மறுநாள் தெரியும். புதிதாக நடக்கவோ எடை தூக்கவோ தொடங்கினால் தசைகளும் நீரைப் பிடித்துவைக்கும். உங்கள் பற்றாக்குறை நாளுக்கு 230 என்றால் மூன்று வாரத்தில் போகும் கொழுப்பு அறுநூற்றுச் சொச்சம் கிராம். ஒன்றரை கிலோ நீர் ஏறி இறங்கும் உடம்பில் அறுநூறு கிராமை மூன்று வாரத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. அது தேங்கி நிற்பதுபோலத் தோன்றுகிறதே தவிர, நின்றுவிட்டது என்று சொல்ல இந்த மூன்று வாரம் போதாது.

அதனால் நான் வந்தவர்களிடம் கணக்கைத் திருப்பிப் போடச் சொல்வேன். செயலி சொல்லும் செலவையும் வாட்சையும் மறந்துவிடுங்கள். நான்கு வாரம், தராசில் எடை போட்டு, எண்ணெய், பால், சட்னி, ஞாயிறு எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். தினமும் காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன் எடை பாருங்கள். தனித்தனி நாளைப் பார்த்து வருந்தாமல் வாரச் சராசரியை மட்டும் எடுங்கள். மாதவிடாய்ச் சுழற்சியின் அதே வாரத்தை அடுத்த மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை கிலோ குறைந்ததோ அதை 7700ஆல் பெருக்கி, 28ஆல் வகுத்தால் உங்கள் நிஜமான தினசரிப் பற்றாக்குறை வரும். அதோடு நீங்கள் சாப்பிட்டதைக் கூட்டினால் உங்கள் நிஜமான செலவு. இந்த எண் நெவாடாவில் எழுதியது அல்ல, உங்கள் உடம்பில் எழுதியது. ஒரு பலன், சாப்பிட்டதை நீங்கள் எப்போதும் ஒரே மாதிரி நூறு கலோரி குறைத்து எழுதினாலும், இந்த முறையில் அந்தப் பிழை இரண்டு பக்கமும் சேர்ந்து கழிந்துவிடும். வீட்டு அளவு ஒரே சீராக இருந்தால் போதும்.

அந்த எண் கிடைத்ததும் தேவையானால் இன்னும் 150, 200 குறைக்கலாம். வாரம் கால் கிலோ முதல் அரை கிலோ வரை குறைந்தால் உங்கள் உயரத்துக்கு அது நல்ல வேகம். 1200க்குக் கீழே மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். எதைக் குறைப்பது என்றால் எண்ணெய், சர்க்கரை, சோற்றில் ஒரு பகுதி. புரதத்தைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். புரதத்தைச் செரிக்கவே அதன் கலோரியில் இருபது முப்பது சதவீதம் செலவாகும், பசி தாங்கும், எடை குறையும்போது தசை கரையாமல் காக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. முட்டையோ மீனோ சுண்டலோ தயிரோ ஒவ்வொரு வேளையும் தட்டில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். நம் வீடுகளில் பெண்கள் கடைசியாகச் சாப்பிடும்போது பருப்பும் மீனும் தீர்ந்து சோறும் ரசமும்தான் மிஞ்சுகிறது. நான் பார்த்த வரை பாதிப் பிரச்சினை அங்கேதான். வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் சேருங்கள். தூக்கத்தையும் கவனியுங்கள். 2022இல் சிகாகோவில் குறைவாகத் தூங்கும் 80 பேரில் ஒரு பகுதியினரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தூங்கவைத்தார்கள். டயட் எதுவும் சொல்லாமலே அவர்கள் உண்பது நாளுக்கு 270 கலோரி குறைந்தது.

நடையில் 165 கலோரிதான் என்று படித்ததும் நடப்பதை விட்டுவிடாதீர்கள். இதை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. உணவும் நடையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடையோ பெரிதாகக் குறையவே இல்லை. முள் அசையாத வாரங்களிலும் உங்கள் நடை உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

உடம்பில் கோளாறா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. உங்களை நேரில் பார்க்காமல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தைராய்டுக் குறைவு எடையைக் கூட்டும், ஆனால் பெரும்பாலும் சில கிலோ அளவுக்குத்தான். தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தச் சோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள், மலிவானதுதான். மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மருத்துவரைப் பாருங்கள். மன அழுத்த மருந்து, ஸ்டீராய்டு, இன்சுலின் எதையாவது எடுப்பவராக இருந்தால் சொல்லுங்கள், கணக்கு மாறும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம். சாப்பாட்டை எண்ண எண்ண மனம் அதிலேயே சுழல்கிறது, சாப்பிட்ட குற்ற உணர்வு தூங்கவிடவில்லை என்ற நிலை வந்தாலும் நிறுத்திவிடுங்கள். அது எடையைவிட முக்கியம். "முப்பத்தைந்தைத் தாண்டினால் உடம்பின் எரிப்பு குறையும்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2021இல் சயன்ஸ் இதழில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் 20 வயதிலிருந்து 60 வரை அது ஏறக்குறைய சமமாகவே இருக்கிறது.

உங்கள் பி.எம்.ஐ. 29.6. நம்மவர்களுக்கு 23க்கு மேலேயே கவனம் வேண்டும், பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. டேப்பால் அதையும் மாதம் ஒருமுறை எழுதிவையுங்கள். 74 கிலோவில் ஐந்து சதவீதம் என்பது 3.7 கிலோ. அந்த அளவு குறைந்தாலே பெரும்பாலானவர்களுக்கு இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரிகிறது. அதில் பாதியை, இவ்வளவு தப்பான எண்களைக் கையில் வைத்துக்கொண்டே, நீங்கள் இறக்கிவிட்டீர்கள்.

இன்றைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். எண்ணெய்க் கேனில் மார்க்கர் பேனாவால் தேதி போட்டுவையுங்கள். அது தீரும் நாளையும், நான்கு வாரச் சராசரி எடைகளையும், டி.எஸ்.எச். பார்த்தால் அந்த எண்ணையும் இதன் கீழேயே எழுதுங்கள். அந்த எண்களை வைத்து அடுத்த கணக்கைச் சேர்ந்து போடுவோம்.